மெஷினைக் கொடுக்கும் முன் தொழிலைக் கற்றுக்கொடு!

மலையில் புதிதாகக் கொழுந்தெடுக்க வரும் பிள்ளைக்குப் பக்கத்து நிரையில் ஒரு மூத்தவர் நின்று, எதை எடுப்பது, எதை விடுவது என்று சொல்லிக்கொடுக்கிறார். கவ்வாத்துக் கத்தி பிடிக்கும் இளைஞன் முதலில் அனுபவசாலி ஒருவரின் பின்னால் நடக்கிறான். தொழிற்சாலையில் ரோலர் பக்கம் நிற்க வருபவருக்கு அந்த ரோலரின் குணம் தெரிந்த ஒருவர் நாலு வார்த்தை சொல்லிவைக்கிறார். ஆனால் மரம் வெட்ட அனுப்பப்படும் தொழிலாளிக்கு? காலைப் பிரட்டில் பேர் கொடுக்கும்போது, "உடம்பு வாட்டசாட்டமாக இருக்கிறான், மெஷினைப் பிடிக்கட்டும்" என்ற ஒரு சொல்லோடு வேலை ஒப்படைக்கப்படுகிறது. தோட்டத்தின் எல்லா வேலைகளிலும் உயிருக்கு மிகவும் ஆபத்தான வேலைக்குத்தான் மிகக் குறைந்த பயிற்சி. இந்த இதழில் இதைப் பற்றித்தான் நாம் பேசப்போகிறோம்.

மரம் வெட்டுவது எப்போதாவது வரும் சில்லறை வேலை என்று சிலர் நினைக்கலாம். அது சரியல்ல. தொழிற்சாலையில் கொழுந்தைக் காயவைக்கும் அடுப்புக்கு விறகு வேண்டும். அதற்காகவே பல தோட்டங்களில் யூகலிப்டஸ் வளர்க்கப்படுகிறது. நிழலுக்கு நின்ற சவுக்கு மரங்கள் வயதாகிச் சாய்கின்றன. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் பால் வற்றிய றப்பர் மரங்கள் ஏக்கர் ஏக்கராக வெட்டப்பட்டு, மறுநடுகைக்கு நிலம் தயாராகிறது. இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது 1990 இல் நிறுத்தப்பட்ட பின்னர், நாட்டின் மரத் தேவையில் பெரும் பங்கைத் தோட்டங்களும் வீட்டுத் தோட்டங்களும் நடுகைக் காடுகளுமே தாங்குகின்றன. தேயிலை விலை இறங்கும் காலத்தில் கம்பனிகளுக்கு மரம் ஒரு வருமானம். காற்றும் மழையும் அடிக்கும் காலத்தில் லயத்தின் மேலும் பாதையின் மேலும் விழுந்த மரத்தை அகற்ற முதலில் கூப்பிடப்படுபவரும் நம் தொழிலாளியே. ஆகவே தோட்டத்தில் மரம் வெட்டுவது ஒரு நிரந்தரத் தொழில். அதைத் தொழிலாக மதிக்காமல் கைவேலையாக நடத்துவதுதான் கோளாறு.

உலகம் முழுவதும் இந்தத் தொழில் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்கிறோம். அமெரிக்காவின் தொழில் புள்ளிவிபரத் திணைக்களம் 2022 ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கின்படி, அங்கே முழுநேர வேலை செய்யும் மரம் வெட்டுவோர் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 100 பேர் வேலையில் உயிரிழந்தார்கள். எல்லாத் தொழில்களையும் சேர்த்துப் பார்த்தால் அந்த எண்ணிக்கை ஒரு இலட்சத்துக்கு 3.7 மட்டுமே. அதாவது சாதாரணத் தொழிலாளியைவிட இருபத்தைந்து மடங்குக்கு மேல் ஆபத்து. பெரிய இயந்திரங்களும், தலைக்கவசமும், வெட்டுப்படாத காற்சட்டையும், எழுதிவைத்த சட்டமும் உள்ள நாட்டின் கணக்கு இது. வழுக்கும் சரிவில், செருப்புக் காலோடு, தலையில் ஒரு துணியோடு நிற்கும் நம் தம்பிமாரின் நிலையை வாசகர்களே எண்ணிப் பாருங்கள்.

கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

"மரம் வெட்ட என்ன படிப்பு? அப்பன் பாட்டன் காலத்திலிருந்து வெட்டுகிறோம்" என்று நம்மிடையேயும் சொல்பவர்கள் உண்டு. பாட்டன் கோடரியும் இழுவை வாளும் வைத்திருந்தார். அவருக்கு மரம் மெதுவாகவே விழுந்தது; முறியும் சத்தம் காதில் கேட்டது; விலக நேரம் கிடைத்தது. இன்று செயின்சோ மெஷின் அரை மணி நேர வேலையை ஒரு சில நிமிடத்தில் முடிக்கிறது. அதன் இரைச்சலில் மரம் முறியும் சத்தம் கேட்காது. பாட்டனின் அனுபவம் பெரிதுதான். ஆனால் அவர் கையில் இருந்த கருவி வேறு.

முறையான பயிற்சியில் முதலில் கற்றுத்தருவது மெஷினை இயக்குவதை அல்ல, மரத்தைப் பார்ப்பதை. எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கிளைப் பாரம் எங்கே, மேலே காய்ந்த கொப்பு தொங்குகிறதா, கொடி பக்கத்து மரத்தோடு பிணைந்திருக்கிறதா, அடிமரம் உள்ளே உக்கியிருக்கிறதா, காற்று எந்தப் பக்கம், மின்கம்பி போகிறதா என்று சுற்றி நடந்து பார்க்க வேண்டும். பிறகு ஓடும் வழி. மரம் விழும் திசைக்கு நேர் பின்னால் நிற்கவும் கூடாது, ஓடவும் கூடாது. அடிமரம் பின்னோக்கி உதைக்கும். பின்பக்கமாகச் சாய்வாக விலகிப் போக, வெட்டத் தொடங்கும் முன்பே செடி கொடிகளை அகற்றி வழி எடுத்து வைக்க வேண்டும்.

அடுத்தது வெட்டும் முறை. மரம் விழ வேண்டிய பக்கத்தில் ஆப்பு வடிவில் ஒரு வாய் எடுக்க வேண்டும். அதன் ஆழம் மரத்தின் குறுக்களவில் நாலில் ஒரு பங்கு அளவில் இருக்கும். பிறகுதான் பின்வெட்டு. பின்வெட்டை வாய்வரை கொண்டுபோய்விடக் கூடாது. நடுவில் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு அளவு மரத்தை வெட்டாமல் விட வேண்டும். கதவுக்குக் கீல் எப்படியோ, விழும் மரத்துக்கு அந்தத் துண்டு அப்படி. அது இருக்கும்வரை மரம் நாம் காட்டிய பக்கம் மெதுவாகச் சாயும். அதையும் சேர்த்து அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கமும் போகலாம். பல இடங்களில் நம்மவர்கள் வேகமாக முடிக்க அந்தக் கீலையும் சேர்த்தே அறுக்கிறார்கள். யாரும் அதைத் தவறு என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மெஷினுக்கும் ஒரு குணம் உண்டு. பிளேட்டின் நுனி மேல்பக்கம் எதிலாவது பட்டால் அது ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் முகத்தை நோக்கித் திருப்பி அடிக்கும். அதனால்தான் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், தோளுக்கு மேலே தூக்கி வெட்டக் கூடாது, செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். மழுங்கிய செயின் நல்ல செயினைவிட ஆபத்தானது. அது மரத்தில் இறங்காமல் துள்ளும், பிடிப்பவரின் பலத்தையும் உறிஞ்சும். மெஷினின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். காதுக்கவசம் இல்லாமல் பல வருடம் வேலை செய்தவருக்குக் காது மந்தமாகும். அதிர்வினால் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோயும் வரும். இவை மெதுவாக வருபவை என்பதால் விபத்து என்று யாரும் எழுதிவைப்பதில்லை.

மிக ஆபத்தான வேலை, வெட்டிய மரம் பக்கத்து மரத்தில் சிக்கி நிற்கும்போது வருகிறது. அதன் அடியில் போய் நிற்பதோ, தாங்கி நிற்கும் மரத்தை வெட்டுவதோ உயிரைப் பணயம் வைப்பதாகும். காற்றில் விழுந்து வளைந்து கிடக்கும் மரமும் அப்படியே. அது இழுத்துக் கட்டிய வில்லைப் போல. தவறான பக்கத்தில் வாள் பட்டால் நிமிர்ந்து அடிக்கும். மழைக் காலத்தில் பாதையைத் திறக்க அவசரமாக அனுப்பப்படும் நம்மவர்கள் செய்வது இந்த வேலையைத்தான். அனுபவசாலிகளே தயங்கும் வேலைக்குப் பழகாதவரை அனுப்புகிறோம்.

பெண்களுக்கும் இது தொடர்பான விஷயம்

மரம் வெட்டுவது ஆண்கள் வேலை, நமக்கென்ன என்று பெண் தொழிலாளர்கள் நினைக்க வேண்டாம். நிழல் மரத்தில் ஏறிக் கிளை கழிக்கும்போது கீழே கொழுந்தெடுப்பவர்கள் யார்? வெட்டும் மலையில் விறகு பொறுக்கப் போவது யார்? அமெரிக்காவில் 1995 இல் நடைமுறைக்கு வந்த மரம் வெட்டும் பாதுகாப்பு விதி, ஒரு குழு வேலை செய்யும் இடத்துக்கும் அடுத்த குழுவின் இடத்துக்கும் இடையில் வெட்டப்படும் மரத்தின் உயரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் இருக்க வேண்டும் என்கிறது. அறுபது அடி மரம் என்றால் நூற்றிருபது அடிக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது. சரிவான மலையில் கீழ்ப்பக்கம் இன்னும் தூரம் வேண்டும். துண்டு உருண்டு போகும். இந்தக் கணக்கு கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். கொழுந்தெடுக்கும் அக்காமாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தான் "இன்றைக்கு இந்த மலையில் வெட்டு நடக்கிறது, வேறு மலை கொடுங்கள்" என்று உரிமையோடு கேட்க முடியும்.

ஒரு முறை படித்தால் போதாது

வேறு நாடுகளில் இந்தத் தொழிலாளர்களுக்கு என்ன ஏற்பாடு இருக்கிறது? சுவீடனில் 2015 முதல், வேலைக்காகச் செயின்சோ பிடிக்கும் எவரும் எழுத்துப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் தேறியிருக்க வேண்டும். வாகனம் ஓட்ட லைசன் போல, மெஷினுக்கும் லைசன். பிரித்தானியாவில் சான்றிதழ் பெற்ற பிறகும், அடிக்கடி மெஷின் பிடிப்பவர் ஐந்து வருடத்துக்கு ஒரு முறையும், எப்போதாவது பிடிப்பவர் அதைவிடக் குறுகிய இடைவெளியிலும் மறுபயிற்சி பெற வேண்டும் என்று பாதுகாப்பு அதிகாரிகள் அறிவுறுத்துகிறார்கள். எப்போதாவது பிடிப்பவருக்கு ஏன் அடிக்கடி பயிற்சி? கை மறந்துவிடும் என்பதால்தான். நம் தோட்டங்களில் மெஷின் பிடிப்பவர்களில் பலர் அந்த வகை. ஒரு மாதம் கவ்வாத்து, ஒரு மாதம் உரம், இரண்டு வாரம் மரவெட்டு என்று மாறி மாறிப் போகிறவர்கள்.

அமெரிக்க விதியில் இன்னும் இரண்டு விஷயங்கள் நமக்கு முக்கியம். மரவெட்டுத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் முதலுதவிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. ஆஸ்பத்திரி தூரம், இரத்தம் பெருகும்போது பக்கத்தில் நிற்பவர்தான் வைத்தியர். மலைநாட்டில் இது நமக்கு இன்னும் பொருந்தும். பயிற்சி தொழிலாளிக்கு விளங்கும் விதத்தில் கொடுக்கப்பட வேண்டும் என்பது மற்றது. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு நாள் பேசிவிட்டு, தமிழ்த் தொழிலாளியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு "பயிற்சி கொடுத்தாயிற்று" என்று கோப்பில் போடுவதை நாம் பயிற்சியாக ஏற்க முடியாது. விபத்து நடந்த பின் அந்தக் கையெழுத்தே தொழிலாளிக்கு எதிரான சாட்சியாக மாறும்.

நியூசிலாந்தின் கதை தொழிற்சங்கத்தவர்கள் அனைவரும் அறிய வேண்டியது. அங்கே 2013 ஆம் ஆண்டில் மட்டும் 10 காட்டுத் தொழிலாளர்கள் வேலையில் இறந்தார்கள். பெரும்பாலோர் சிறு கொந்தராத்துக்காரர்களின் கீழ் வேலை செய்தவர்கள், சங்கத்தில் சேராதவர்கள். அந்நாட்டுத் தொழிற்சங்கப் பேரவையின் தலைவியாக இருந்த ஹெலன் கெலி, இறந்தவர்களின் குடும்பங்களோடு நின்று குரல் எழுப்பினார். பலியானவர்கள் கவனக்குறைவானவர்கள் என்ற பேச்சை அவர் ஏற்கவில்லை. சுயாதீன விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டு, 2014 இல் அறிக்கை வந்தது. அதன் பிறகு மரம் வெட்டுவோருக்கும் கொந்தராத்துக்காரர்களுக்கும் தகுதிச் சான்று வழங்கும் முறை உருவானது. இந்த மாற்றம் தானாக வரவில்லை. தொழிற்சங்கமும் குடும்பங்களும் கேட்டதால் வந்தது.

நம் நாட்டின் நிலை

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் தேயிலைத் தொழிற்சாலைக்குள் நடக்கும் வேலையைப் பாதுகாக்கிறது. ரோலருக்கு வேலி போட வேண்டும் என்று தொழிற்சாலைப் பரிசோதகர் சொல்லலாம். ஆனால் தொழிற்சாலைக்கு விறகு வரும் மலை அந்தச் சட்டத்துக்குள் வராது. விறகு அடுப்புக்குள் போகும்போது சட்டம் இருக்கிறது. மரமாக விழும்போது இல்லை. வயலும் மலையும் காடும் உட்பட எல்லா வேலைத்தளங்களையும் உள்ளடக்கும் பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்பது நம் கோரிக்கை. பாதுகாப்பான, ஆரோக்கியமான வேலைச் சூழல் அடிப்படை உரிமைகளில் ஒன்று என்று 2022 ஜூனில் சர்வதேச தொழிலாளர் மாநாடு தீர்மானித்தது. உறுப்பு நாடான இலங்கையும் அதை மதிக்கக் கடமைப்பட்டது. காட்டு வேலைக்கென்றே சர்வதேச தொழிலாளர் தாபனம் 1998 இல் ஒரு நடைமுறைக் கோவையை வெளியிட்டிருக்கிறது. செயின்சோ போன்ற ஆபத்தான வேலைகளுக்குத் திறமைச் சான்று வேண்டும் என்பதும் அதில் உண்டு.

விபத்து நடந்த பின் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கலாம். அந்த உரிமையை ஒருவரும் விட்டுவிடக் கூடாது. ஆனால் நட்டஈடு கையைத் திருப்பித் தராது. தகப்பனைத் திருப்பித் தராது. பயிற்சி அதற்கு முன்னால் வர வேண்டியது.

பயிற்சி கொடுக்க நாட்டில் ஆள் இல்லை, இடம் இல்லை என்று சொல்ல முடியாது. தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவனம் இருக்கிறது. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, அதாவது நைட்டா, இருக்கிறது. வேலையில் இருந்தே திறமை பெற்ற ஒருவரைப் பரிசோதித்து, என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறையும் நாட்டில் நடைமுறையில் உள்ளது. மேசன், வெல்டர், எலெக்ட்ரீஷியன் என்று எத்தனையோ பேர் அப்படிச் சான்றிதழ் பெறுகிறார்கள். இருபது வருடம் மெஷின் பிடித்த நம் அண்ணன் மட்டும் ஏன் பிரட்டுப் புத்தகத்தில் "சாதாரணத் தொழிலாளி" ஆகவே இருக்க வேண்டும்? சான்றிதழ் உயிரைக் காப்பதோடு, திறமைக்கு உரிய சம்பளத்தைக் கேட்கும் ஆதாரமாகவும் இருக்கும்.

பயிற்சி பழியைத் திருப்பும் கருவியாகக் கூடாது

ஒரு விஷயத்தில் நாம் கவனமாக இருக்க வேண்டும். பயிற்சி கொடுத்துவிட்டோம், இனி விபத்து நடந்தால் தொழிலாளியின் குற்றம் என்று நிர்வாகம் கைகழுவ இடம் கொடுக்கக் கூடாது. லொறிக் கணக்கில், கன அடிக் கணக்கில் காசு என்றால், படித்தவனும் அவசரப்படுவான். ஓடும் வழி எடுக்கப் பத்து நிமிடம் செலவழித்தால் அந்தப் பத்து நிமிடம் அவன் கைக்காசில் குறையும். பாதுகாப்பாகச் செய்பவன் குறைவாகச் சம்பாதிக்கும் முறை இருக்கும்வரை எந்தப் பயிற்சியும் மலையேறாது. வாய் எடுப்பதற்கும், வழி துப்புரவாக்குவதற்கும், செயின் தீட்டுவதற்கும் போகும் நேரமும் வேலை நேரமே. மழையிலும் பலத்த காற்றிலும் வெட்டு நிறுத்தப்பட்டால் அன்றையப் பேர் வெட்டப்படக் கூடாது.

கொந்தராத்து முறையும் அப்படியே. வெட்டை ஒரு கொந்தராத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு, அவர் கொண்டுவரும் இளைஞர்களின் பாதுகாப்பு எங்கள் பொறுப்பல்ல என்று தோட்டம் சொல்லக் கூடாது. அந்த இளைஞர்களும் நம் லயத்துப் பிள்ளைகளே. மரம் தோட்டத்தினுடையது, இலாபம் தோட்டத்தினுடையது, பொறுப்பும் தோட்டத்தினுடையதாக இருக்க வேண்டும்.

நாம் கேட்பவை

1. பயிற்சியும் பரீட்சையும் முடிக்காத எவரையும் செயின்சோ பிடிக்கவோ மரம் வெட்டவோ அனுப்பக் கூடாது. கொந்தராத்துக்காரரின் ஆட்களுக்கும் இதே விதி.

2. பயிற்சி தமிழில், செய்முறையோடு, தோட்டத்து மலையிலேயே நடக்க வேண்டும். பயிற்சி நாட்களுக்கு முழுப் பேர் போட வேண்டும்.

3. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மறுபயிற்சி. புதிய மெஷின் வந்தாலும், விபத்தோ மயிரிழையில் தப்பிய சம்பவமோ நடந்தாலும் உடனே மறுபயிற்சி.

4. தலைக்கவசம், முகவலை, காதுக்கவசம், வெட்டுப்படாத காற்சட்டை, பூட்ஸ், கையுறை ஆகியவற்றைத் தோட்டமே இலவசமாகக் கொடுக்க வேண்டும். கிழிந்தால் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

5. ஒவ்வொரு வெட்டுக் குழுவிலும் முதலுதவி தெரிந்தவர்கள், இரத்தத்தை நிறுத்தும் கட்டுகளோடு ஒரு பெட்டி, கூப்பிட்டால் வரும் வாகனம் இருக்க வேண்டும். தனியாக ஒருவரை வெட்ட அனுப்பக் கூடாது.

6. என்.வி.கியூ. சான்றிதழ் பெற வழி செய்து, சான்றிதழ் பெற்றவருக்கு மேலதிகக் கொடுப்பனவு வழங்க வேண்டும்.

7. வெளிக்கள உத்தியோகத்தர்களுக்கும் கங்காணிமாருக்கும் இதே பயிற்சி. வேலையை ஏவுபவருக்குத் தெரியாத பாதுகாப்பை வேலை செய்பவர் மட்டும் காப்பாற்ற முடியாது.

தோட்டக் கமிட்டிகளுக்கு

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் தலைவர்களும் மாதர் தலைவிகளும் மூன்று காரியம் செய்யுங்கள். உங்கள் தோட்டத்தில் மெஷின் பிடிப்பவர்கள் யார் யார், எத்தனை வருடம், ஏதாவது பயிற்சி பெற்றார்களா என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். இதுவரை நடந்த காயங்களையும் மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும் கேட்டுத் திகதியோடு குறித்து வையுங்கள். மேலே சொன்ன கோரிக்கைகளை எழுத்தில் துரையிடம் கொடுத்து, ஒரு பிரதியை நமது மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். பட்டியலோடு போகும் சங்கத்தைத் தட்டிக்கழிப்பது கடினம்.

காயம் எவ்வளவு சிறிதானாலும் அன்றே தோட்ட டிஸ்பென்சரியில் பதியச் சொல்லுங்கள். பதியாத காயத்துக்கு நட்டஈடு கேட்பது பெரும்பாடு.

மெஷின் பிடிக்கும் தம்பிமாருக்கும் அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தைரியத்தில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் சாய்ந்து சிக்கிய மரத்தின் கீழ் போகச் சொன்னால், "அதற்கு முறை தெரிந்தவர் வரட்டும்" என்று சொல்வது கோழைத்தனம் அல்ல. அப்படிச் சொல்பவரைத் தனியாக விடாமல் பக்கத்தில் நிற்பது சங்கத்தின் கடமை. எப்படி வெட்டுவது என்று தெரிந்தவர்கள் பழகுபவர்களுக்கு இன்றிலிருந்தே சொல்லிக்கொடுங்கள். மலையில் நம் முன்னோர் கவ்வாத்தும் கொழுந்தும் அப்படித்தான் கைமாற்றிக் கொடுத்தார்கள். மரவெட்டும் அதே மரியாதைக்குரிய தொழிலாக மாறும்வரை இந்தக் கோரிக்கையை நாம் விடப்போவதில்லை.